பூசாத சுவர்: லாரி பேக்கரின் கட்டடக்கலையும் கேரளக் குடியாட்சியும்

வெளியிலிருந்து வந்தவர்கள் எழுப்பிய கட்டடங்களோடு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக வாழ்ந்து பழகிய ஊர் கொச்சி. மட்டாஞ்சேரியில் இன்று டச்சு அரண்மனை என்று அழைக்கப்படும் மாளிகையை 1555 அளவில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தனர். பின்னர் வந்த டச்சுக்காரர்கள் அதைப் புதுப்பித்ததால் பெயர் அவர்களுடையதாயிற்று. 1920இல் வந்து 1941 வரை இங்குப் பணியாற்றிய ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கடல்வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை அகற்றிப் பெரிய கப்பல்களுக்கு வழி திறந்து, தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை உருவாக்கினார். இவையெல்லாம் அரசுக்காகவும் வணிகத்துக்காகவும் எழுந்தவை. குடிசையில் வாழ்பவருக்கு எத்தகைய வீடு வேண்டும் என்ற கேள்விக்கு இவற்றைக் கட்டியவர்களின் பணியில் இடமிருக்கவில்லை. அந்தக் கேள்வியையே தம் தொழிலின் மையமாகக் கொண்டு, இந்த மண்ணிலேயே வாழ்ந்து இங்கேயே மறைந்த அயல்நாட்டவர் ஒருவர் கேரளத்துக்கு வாய்த்தார். கட்டடக்கலை, பண்பாடு, குடியாட்சி ஆகிய மூன்றும் ஒரு வீட்டுச் சுவரில் எவ்வாறு சந்திக்கின்றன என்பதை அறிய விரும்புவோர்க்கு லாரி பேக்கரின் வாழ்வையும் பணியையும் விடத் தெளிவான எடுத்துக்காட்டு தென்னிந்தியாவில் இல்லை.

1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்து, அங்கேயே கட்டடக்கலை பயின்ற லாரன்ஸ் வில்பிரட் பேக்கர், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர். போரில் ஆயுதம் ஏந்த மறுப்பதும், ஆடம்பரத்தை விலக்கி எளிமையாக வாழ்வதும், உள்ளதை உள்ளவாறே சொல்வதும் இப்பிரிவினரின் அடிப்படை நெறிகள். இரண்டாம் உலகப்போரின்போது படையில் சேராமல், குவேக்கர்களின் மருத்துவ உதவிக் குழுவில் இணைந்து சீனாவில் தொண்டாற்றிய அவர், நாடு திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு சிற்றூரின் வீடுகள் அவ்வூரைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்பட வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. 1945இல் தொழுநோயாளர்களுக்குப் பணிபுரியும் ஓர் அமைப்பின் கட்டடக் கலைஞராக இந்தியாவுக்குத் திரும்பிய பேக்கர், 1948இல் மலையாளி மருத்துவரான எலிசபெத் ஜேக்கப்பை மணந்து, அவருடன் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகட்டில் 16 ஆண்டுகள் வாழ்ந்தார். கல்லூரியில் கற்றவை அந்த மலையில் பெரிதும் பயன்படவில்லை என்பதையும், அங்குள்ள கல்லையும் மண்ணையும் மரத்தையும் அவ்வூர் மக்கள் கையாளும் விதத்தில் தலைமுறை தலைமுறையான அறிவு அடங்கியிருக்கிறது என்பதையும் அவர் உணர்ந்தது அக்காலத்தில்தான். 1963இல் கேரளத்தின் வாகமண் மலைக்கும், 1960களின் இறுதியில் திருவனந்தபுரத்துக்கும் குடும்பம் இடம்பெயர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவுக்கு வந்து பெயர்பெற்ற பிற அயல்நாட்டுக் கட்டடக் கலைஞர்களோடு ஒப்பிட்டால் இந்த வாழ்க்கையின் தனித்தன்மை விளங்கும். சுவிட்சர்லாந்தில் பிறந்த லெ கொர்புசியே, 1951 முதல் சண்டிகர் நகரை வடிவமைத்தபோது அரசின் விருந்தினராக அவ்வப்போது வந்து சென்றார். ஒரு புதிய குடியரசின் பெருமிதத்தைக் காங்கிரீட்டில் எழுதிக் காட்டுவது அவருக்கு இடப்பட்ட பணி. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஓட்டோ கேனிக்ஸ்பெர்கர், மைசூர் சமஸ்தானத்திலும் பின்னர் விடுதலை பெற்ற இந்தியாவின் வீட்டுவசதித் துறையிலும் பணியாற்றி, தொழிற்சாலையில் சுவர்ப்பலகைகளை வார்த்து வீடுகளை விரைவாகக் கட்டும் திட்டத்தை டெல்லியில் முயன்றார். அது வெற்றி பெறவில்லை. இருவருமே திறனாலும் நோக்கத்தாலும் மதிக்கத்தக்கவர்கள். ஆயினும் அரசு என்ற ஒரே வாடிக்கையாளரிடம் அவர்கள் பேசினார்கள் என்றால், பேக்கர் பேசியது பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு. 1980களின் இறுதியில் அவர் இந்தியக் குடிமகனாகவே ஆனார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007 ஏப்ரல் 1 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார்.

பேக்கர் வந்து சேர்ந்த கேரளத்தில் வீடு என்பது வெறும் தங்குமிடமாக இருந்ததே இல்லை. யார் ஓடு வேயலாம், யார் ஓலை மட்டுமே வேய வேண்டும், யாருடைய வீடு எவ்வளவு உயரலாம் என்பவற்றைச் சாதி வழக்கங்கள் முடிவு செய்த நிலம் அது. தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார்கள் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் பொன்னகை பூணவும் தடை இருந்ததோடு, அவர்களுடைய வீடு ஒரு நிலைக்கு மேல் எழும்பவும் தடை இருந்தது. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ நிறுவனம் தொடங்கிய ஓட்டுத் தொழில் மேற்குக் கரை முழுவதும் பரவி, ஓடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னும், அது எல்லோருடைய தலைக்கு மேலும் வந்துவிடவில்லை. ஆலுவாவில் பெரியாற்றங்கரையில் அத்வைத ஆசிரமத்தை நிறுவிய நாராயண குரு, 1924 சிவராத்திரியையொட்டி அங்கே அனைத்துச் சமய மாநாட்டைக் கூட்டியது, மனிதரைப் பிரித்து வைத்த சமூக ஒழுங்குக்கு எதிரான நீண்ட இயக்கத்தின் ஒரு பகுதி. கோயிலும் பள்ளியும் பொதுவழியும் மட்டுமன்றி, வீட்டின் கூரையும் அந்த இயக்கத்தின் கேள்விகளுள் ஒன்றாக இருந்தது.

1957இல் தேர்தல் வழியாக ஆட்சிக்கு வந்த பொதுவுடைமை அரசு தொடங்கிவைத்த நிலச் சீர்திருத்தம், பல தடைகளைக் கடந்து, 1970 ஜனவரி 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் மிக முக்கியமான பயன், குடிகிடப்புக்காரர் என்று அழைக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த உரிமை. நிலவுடைமையாளரின் தோப்பில் ஒரு மூலையில் குடிசை போட்டுக்கொண்டு, அவர் போகச் சொன்னால் போக வேண்டிய நிலையில் இருந்த கூலித் தொழிலாளர்களே குடிகிடப்புக்காரர்கள். ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரில் 3 சென்ட் வரை, குடிசை நின்ற நிலத்தைக் குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் அவர்களுக்கு அளித்தது. நிலம் கையில் வந்ததும் அடுத்த கேள்வி வீடு. 1972இல் அச்சுத மேனன் முதலமைச்சராகவும் எம்.என். கோவிந்தன் நாயர் வீட்டுவசதி அமைச்சராகவும் இருந்தபோது, நிலமற்ற தொழிலாளர்களுக்காக லட்சம் வீடு திட்டம் தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே பெரிய முயற்சிகளுள் ஒன்றாகக் கருதத்தக்க இத்திட்டத்தில், செலவைக் குறைப்பதற்காக இரண்டு குடும்பங்கள் ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. அந்த நடுச்சுவர் பிற்காலத்தில் ஓயாத சிக்கலாகி, இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாக மாற்றுவதற்கே தனித் திட்டம் தேவைப்பட்டது. வீடு வழங்குவதென அரசு முடிவெடுத்ததன் பெருமையை இது சிறிதும் குறைப்பதில்லை. ஆனால் வீட்டுக்குள் வாழப்போகிறவர்களிடம் கேட்காமல் வரையப்பட்ட கோடு எத்தனை ஆண்டுகள் வலிக்கும் என்பதை அந்தச் சுவர் காட்டியது.

பேக்கரின் தலையீடு நிகழ்ந்தது இச்சூழலில்தான். பொருளியல் அறிஞர் கே.என். ராஜ், அச்சுத மேனனின் ஆதரவோடு திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தை 1970களின் தொடக்கத்தில் நிறுவியபோது, அதன் வளாகத்தைக் கட்டும் பொறுப்பு பேக்கருக்கு அளிக்கப்பட்டது. சரிவான நிலத்தில் இருந்த மரங்களை வெட்டாமல், அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் செங்கல் சுவர்களும், காற்றையும் வெளிச்சத்தையும் சிறு துளைகள் வழியே உள்ளே விடும் ஜாலி அமைப்பும், வட்டமாக உயரும் நூலகக் கோபுரமும் அந்த வளாகத்தை ஒரு பாடநூலாகவே ஆக்கின. வறுமையை ஆராயும் நிறுவனம் வறிய நாட்டின் பணத்தை வீணாக்காத கட்டடத்தில் இயங்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே கண்ணுக்குத் தெரியும் வடிவம் பெற்றது.

அவர் பரப்பிய முறைகளுள் இரண்டைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது தகும். முதலாவது எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்துச் சுவர் எழுப்புவார்கள். இம்முறையில் கல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கப்படுவதால், ஒன்பது அங்குலச் சுவரின் நடுவில் பெட்டி போன்ற வெற்றிடங்கள் உண்டாகின்றன. செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாவதோடு, உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை அறைக்குள் எளிதில் கடத்தாமல் தடுக்கிறது. இரண்டாவது, நிரப்புத் தளம் எனத்தக்க ஃபில்லர் ஸ்லாப். காங்கிரீட் கூரையின் மேல்பகுதி அழுத்தத்தையும் கீழ்ப்பகுதி இழுவிசையையும் தாங்குகின்றன. அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லமை பெற்ற காங்கிரீட், இழுவிசையைத் தாங்கும் வலிமை மிகக் குறைந்தது என்பதால், கீழ்ப்பகுதியில் அந்த வேலையைச் செய்வது கம்பியே. எனவே கம்பிகளுக்கு இடையே, பயனின்றி எடையை மட்டும் கூட்டும் காங்கிரீட்டுக்குப் பதிலாக, பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து அதன்மேல் வார்த்தால், சிமெண்டும் கம்பியும் குறைகின்றன, கூரையின் எடையும் குறைகிறது. இவற்றோடு, லிண்டலுக்குப் பதிலாகச் செங்கல் வளைவு, சிமெண்டுக்குப் பதிலாக இயன்ற இடங்களில் சுண்ணாம்புச் சாந்து, கதவுக்கும் சன்னலுக்கும் தேவைக்கு மேல் மரம் போடாமை, சுவருக்குப் பூச்சு வேலை இல்லாமை ஆகியவற்றையும் சேர்த்தால், வீட்டின் செலவு கணிசமாக இறங்கிவிடும். பூச்சைத் தவிர்த்ததில் சிக்கனம் மட்டும் இல்லை. செங்கல்லைச் செங்கல்லாகவே காட்ட வேண்டும் என்பது, உள்ளதை மறைக்கக் கூடாது என்ற குவேக்கர் நெறியின் கட்டடமொழி வடிவமாகும்.

பேக்கர் தம் கருத்துகளைக் கனமான நூல்களாக எழுதியவர் அல்லர். தம் கையெழுத்திலேயே எழுதி, தாமே வரைந்த கோட்டுப்படங்களோடு சிறு கையேடுகளாக வெளியிட்டார். கொத்தனாரும் வீட்டுக்காரரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளவும், யாரிடமும் அனுமதி கேட்காமல் பின்பற்றவும் அவை உதவின. அவற்றில் காணப்படும் அரசியல் சிந்தனை கட்சி சார்ந்ததன்று, ஆனால் கூர்மையானது. ஏழைகளுக்கு மட்டும் மலிவு வீடு என்று தனியே ஒரு வகையை வகுப்பதை அவர் ஏற்கவில்லை. செலவைக் குறைக்க வேண்டிய கடமை எல்லோரையும் விடப் பணமுள்ளவருக்கே அதிகம் என்று வாதிட்டார். கட்டடத்தின் மொத்தச் செலவில் ஒரு விகிதமாகக் கட்டடக் கலைஞரின் கூலி கணக்கிடப்படும் வரை, செலவு கூடுவதே அவருக்கு ஆதாயமாக அமையும் என்ற முரணையும் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு குடும்பத்தின் தொழிலும் பழக்கமும் வேறு என்பதால் ஒரே வரைபடத்தை ஆயிரம் முறை அச்சடிப்பது மனிதரை எண்ணிக்கையாகக் குறைப்பதாகும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. 1985இல் அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோருடன் அவர் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பு இந்தச் சிந்தனையை நிறுவன வடிவில் முன்னெடுத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கொல்லம் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய நிர்மிதி கேந்திரமும், கொத்தனார்களுக்கு இம்முறைகளைப் பயிற்றுவிப்பதை அரசுப் பணியாக்கியது.

இத்தனைக்கும் பிறகு, பேக்கரின் வழி கேரளத்தின் பொதுவழி ஆகவில்லை. 1970கள் தொட்டு வளைகுடா நாடுகளுக்குச் சென்ற மலையாளிகள் அனுப்பிய பணம் வீடுகளாக எழுந்தது. அவை பூசப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு, தட்டையான காங்கிரீட் கூரையும் தூண்கள் கொண்ட முகப்பும் உடையவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கேரளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. புலம்பெயர்வை அறிவியல் முறையில் ஆராயும் கேரள இடப்பெயர்வு ஆய்வுகளை 1998 முதல் நடத்திவந்தது பேக்கர் கட்டிய அதே வளர்ச்சி ஆய்வு மையம் என்பது கவனிக்கத்தக்கது. மறுபுறம், பூசாத செங்கல் சுவர் நகர்ப்புற நடுத்தர வகுப்பின் சுவைக்கு ஏற்ற அழகுப் பாணியாக மாறியது. பேக்கர் மாதிரி வீடு என்று சொல்லி, பூசாத சுவருக்கென்றே தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த கற்களை இறக்குபவர்களும் உண்டு.

இதைப் பொதுமக்களின் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. மண்சுவரும் ஓலைக்கூரையும் யாருக்கெல்லாம் சட்டம் போலத் திணிக்கப்பட்டிருந்தனவோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு மண்வீடு அழகின் சின்னமாகத் தோன்ற வேண்டும் என்று எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. பர்மிங்ஹாமிலிருந்து வந்தவர் பூசாத சுவரில் நேர்மையைக் கண்டார். ஆண்டையின் தோப்பில் பூசாத சுவருக்குள் வாழ்ந்தவர் அதில் இன்னும் தீராத கடனைக் கண்டார். இருவர் கண்டதும் உண்மையே. சமத்துவம் கேரளத்தில் காங்கிரீட்டின் உருவத்தில் வந்தது என்று சொன்னால் அது மிகையன்று. வெளியாளின் கண் பொருளின் வீண்செலவை எளிதில் பார்த்தது. அந்தப் பொருளோடு ஒட்டியிருந்த அவமானத்தின் நினைவு அவருக்குப் பிறப்பிலிருந்து வரவில்லை. ஆயினும், குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்வதைக் கேட்டுச் சுவரின் இடத்தையே மாற்றும் பழக்கத்தைக் கடைசிவரை கைவிடாததால், பேக்கர் அந்தக் குறையை நிரப்பும் வழியையும் தாமே காட்டிவிட்டார். அவருடைய மரபில் நிலைத்து நிற்க வேண்டியது சுவரின் நிறமன்று, அந்த உரையாடலே என்று கருதுவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

காங்கிரீட் வீட்டின் முழு விலையை ஆறுகள் செலுத்தின என்பது ஆலுவாவைச் சுற்றி வாழ்பவர்கள் நன்கு அறிந்தது. பெரியாற்றின் மணலை அளவின்றி அள்ளியதால் படுகை தாழ்ந்து, கரைகள் இடிந்தன. ஆற்றுமணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்த 2001இல் கேரளச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆற்றுமணல் அரிதானபோது, கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் அந்த இடத்தைப் பிடித்தது. அதற்கான கல் மேற்குத் தொடர்ச்சி மலையின் குவாரிகளிலிருந்து வருகிறது. சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் அளித்த அறிக்கை, இம்மலைப்பகுதியில் எது நடக்கலாம் என்பதைக் கிராம சபைகள் முடிவு செய்ய வேண்டும் என்று கூறியபோது கேரளத்தில் கிளம்பிய எதிர்ப்பு, ஒரு வீட்டின் கூரைக்கும் ஒரு மலையின் வயிற்றுக்கும் உள்ள தொடர்பு எத்தனை பேரின் பிழைப்பைத் தொடுகிறது என்பதை உணர்த்தியது. செங்கல்லும் குற்றமற்ற பொருளன்று. அதற்கான களிமண் வயலிலிருந்து வருகிறது, சூளைக்கு விறகு வேண்டும். இதை உணர்ந்தே பேக்கர் பிற்காலத்தில் சுடாத மண்ணையும் மூங்கிலையும் நோக்கி நகர்ந்தார்.

1924இல் பெரியாறு கண்ட பெருவெள்ளத்துக்கு இணையான வெள்ளம் 2018 ஆகஸ்டில் வந்தபோது, ஆலுவா நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. அருகிலுள்ள நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரங்கள் மூடிக் கிடந்தது. ஆற்றோரத் தாழ்நிலங்களில் மண்வீடுகள் கரைந்து விழுந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அருகில் கிடைக்கும் பொருள் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் சூத்திரமல்ல. வெள்ளம் எட்டும் இடத்தில் உயர்ந்த அடித்தளமும், நீர் நின்றாலும் கரையாத வெட்டுக்கல் எனப்படும் செம்புரைக்கல்லும் தேவைப்படலாம். இதற்கு நேர் எதிரான பாடத்தை மரடு கற்றுத் தந்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கொச்சியின் காயல் கரையில் எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்குமாறு 2019 மே மாதம் உச்சநீதிமன்றம் ஆணையிட, 2020 ஜனவரி 11, 12 நாட்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 343 வீடுகள் சில நொடிகளில் குப்பையாயின. நீரின் இடத்தில் கட்ட அனுமதித்த ஊராட்சி நிர்வாகமும், கட்டிய நிறுவனங்களும், வாங்கிய குடும்பங்களும் வெவ்வேறு அளவில் இழந்தனர் என்றாலும், சிமெண்டும் கம்பியுமாக அங்கே வீணான இயற்கை வளத்தை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர இயலாது.

தமிழகத்திலும் இந்த மரபின் தடம் உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியக வளாகத்தின் வடிவமைப்பு பேக்கருடையது. அவரிடம் பயின்ற பென்னி குரியகோஸ் அதில் பங்காற்றினார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தரங்கம்பாடியில் மீனவர் கூட்டமைப்பின் சார்பில் வீடுகள் கட்டப்பட்டபோது, அதே குரியகோஸ் குடும்பங்களோடு பேசி வடிவங்களை முடிவு செய்யும் முறையைப் பின்பற்றினார். அக்காலத்தில் கடலோரத்தின் வேறு பல ஊர்களில், நிழல் தந்த மரங்களை வெட்டி, நன்றாக நின்ற ஓட்டுவீடுகளையும் இடித்து, ஒரே அளவுப் பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டுச் சென்ற நல்லெண்ண முயற்சிகளோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு தெரியும்.

1996இல் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்ததன் வழியாக, கேரளத்தின் கிராம சபைக்கு இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத வலிமையைத் தந்தது. இன்று வீடற்றோருக்கு லைஃப் மிஷன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் உதவி வழங்கும்போது, பயனாளிகள் பட்டியல் அந்தச் சபையின் முன் வைக்கப்பட்டே உறுதி செய்யப்படுகிறது. யாருக்கு வீடு என்பதை மக்கள் கூடி முடிவு செய்யும் ஒழுங்கு இவ்வாறு நிலைபெற்றுவிட்டது. ஆனால் அந்த வீடு எதனால் கட்டப்படும், அதன் மணலும் கல்லும் எங்கிருந்து வரும், சமையலறையும் திண்ணையும் எந்தப் பக்கம் இருக்கும் என்பவை பெரும்பாலும் அந்தக் கூட்டத்துக்கு வெளியே, ஒப்பந்தக்காரரும் சிமெண்டு விற்பவரும் வைத்திருக்கும் பழக்கத்தின்படியே முடிவாகின்றன. திருவனந்தபுரத்தின் கரிமடம் குடியிருப்பைக் காஸ்ட்ஃபோர்ட் மறுபடி கட்டியபோதும், விளப்பில்சாலையில் பேக்கரின் பெயரால் இயங்கும் மையம் இளம் பொறியாளர்களுக்கும் கொத்தனார்களுக்கும் பயிற்சி அளிக்கும்போதும், இந்த இரண்டாவது முடிவையும் மக்களின் கைக்குக் கொண்டுவரும் முயற்சி தொடர்கிறது. கிராம சபையின் நிகழ்ச்சி நிரலில் பயனாளிகள் பட்டியலுக்கு அடுத்த பொருளாக வீட்டின் வரைபடமும் இடம்பெறுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. எலிப்பொறிக் கட்டு தெரிந்த ஒரு கொத்தனாரும், அவர் சொல்வதைக் கேட்டுக் கேள்வி கேட்க அரைநாள் ஒதுக்கும் ஒரு வார்டும் போதும்.